காரில் வரவிருந்த சீர்

தங்கை மகளின் காதுகுத்து தள்ளிக்கொண்டே போனதற்கு ஜாதகம் காரணமில்லை, தீட்டும் காரணமில்லை. நான்தான் காரணம். இன்னும் சரியாகச் சொன்னால் என் காரின் இடது பக்கப் பின்கதவு காரணம்.

எங்கள் பக்கத்தில் காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். அப்பன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அன்றைக்கு ஓரமாக நிற்க வேண்டியதுதான். மாமன் சீர்த்தட்டோடு வந்து இறங்கி, குழந்தையை மடியில் வாங்கினால்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். தங்கைக்கு நான் ஒரே அண்ணன். அப்பா, அம்மா இல்லை. அவளைக் கட்டிக்கொடுத்தது நைனார்பாளையத்தில். அவள் மாமியாருக்கு வாய் கொஞ்சம் நீளம். “பொறந்த வூட்லன்னு உனக்கு யாரு இருக்காங்க?” என்று ஜாடைமாடையாகக் கேட்டுக்கொண்டே இருப்பாராம். நான் போய்க் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் அந்த வாய் அடங்கும் என்று தங்கை நம்பியிருந்தாள். குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததுமே, பங்குனியில் நாள் பார்க்கட்டுமா என்று போன் செய்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. வடக்கனந்தலில் உரக்கடை வைத்திருப்பவன் உரத்தை விற்றோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்க வேண்டும். நான் எலவனாசூர்கோட்டையில் ஒரு மாட்டுக்கொட்டகைக்குள் பழைய வெள்ளை அம்பாசடர் ஒன்று கிடப்பதைப் பார்த்து, அதை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். இரண்டு கதவு இல்லை, முன்பக்கக் கிரில் இல்லை, ஸ்டியரிங் சுற்றினால் சுற்றிக்கொண்டே இருந்தது. சக்கரம் மட்டும் அசையவில்லை. ஆனால் என் கண்ணுக்கு அது பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“சீரு இந்தக் கார்லதாம்மா வரும். உன் மாமியா வாயத் தொறக்கக் கூடாது பாரு. வைகாசிக்குத் தள்ளி வையி” என்றேன்.

“பஸ்ல வந்தா கூட போதும்ண்ணா” என்றாள்.

நான் கேட்டேனா? பெரிய ஜமீன் பரம்பரை இல்லையா நான், பஸ்ஸில் போவேனா!

மெக்கானிக் கள்ளக்குறிச்சிக்காரர். எதைக் கேட்டாலும் ஆகும் என்பார். “பார்ட்ஸ மட்டும் வாங்கிக் குடுங்க, பறக்க வுட்டுட்றேன்” என்றார். நானும் பார்ட்ஸ் வாங்கக் கிளம்பினேன். முதலில் செல்போனில் தேடியதில் கிரில் ஒன்று கண்ணில் பட்டது. நிக்கல் பூச்சு, அசல் வடிவம். விலை ரொம்பக் கம்மி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு உடனே ஆர்டர் போட்டேன். பார்சல் வந்த அன்று மெக்கானிக்கை வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அவர் முன்னால் பிரித்தேன். கிரில் உள்ளங்கைக்குள் அடங்கியது. அலமாரியில் வைக்கிற பொம்மைக் காருக்கானதாம். மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத மாட்டிடலாங்க. காரத்தான் கொஞ்சம் சின்னதாக்கணும்” என்றார்.

அடுத்து ஸ்டியரிங் பெட்டி. சென்னையில் பழைய சாமான் விற்கும் ஒருவருக்குப் போன் போட்டேன். “எந்த மாடல் சார், பழசா, அதுக்கு அப்புறம் வந்ததா?” என்றார். எனக்கு எங்கே தெரியும்? தெரியாது என்று சொன்னால் மானம் போய்விடும் என்று, “நம்மளுது ரொம்பப் பழசு, ஒரிஜினல்” என்று குரலைக் கனமாக்கிச் சொன்னேன். அவரும் நம்பி, ரொம்பப் பழையதாகவே ஒன்றை அனுப்பினார். என் காரோ அதற்கு அப்புறம் வந்தது. மெக்கானிக் ஒரு நாள் முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். உட்காரவில்லை. திருப்பி அனுப்பி, வேறு வாங்குவதற்குள் வைகாசி போய்விட்டது. தங்கைக்குப் போன் செய்து ஆவணி என்றேன். அவள் “ம்” என்றாள். அந்த ஒற்றை எழுத்தில் அவள் மாமியார் என்னென்ன சொல்லியிருப்பார் என்று யோசித்திருக்கலாம். எனக்குக் கதவுக் கவலை.

முன்கதவு சேலத்தில் கிடைத்துவிட்டது. அதை மாட்டியதும் வழக்கம்போலக் காரைப் படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்பினேன். பின்கதவுதான் எங்குமே இல்லை. கல்வராயன் மலைக்கு உரம் ஏற்றிக்கொண்டு போகிற என் டிரைவர்தான், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் இதே கார் சும்மா நிற்கிறது என்றான். போனேன். நின்றது நிஜம்தான், சும்மா இல்லை. அது கோழிக்கூண்டு. முன்சீட்டில் சாமை வைக்கோல், பின்சீட்டில் ஒரு கோழி அடையில் உட்கார்ந்து என்னை முறைத்தது. என் கதவு அதன் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக, துருப்பிடிக்காமல் இருந்தது.

“கதவ மட்டும் குடுங்க” என்றேன்.

வீட்டுக்காரர் யோசித்தார். “கதவக் கழட்டிட்டா கீரி பூந்துடுங்களே. குஞ்சு பொரிச்சி எறங்கட்டும், வந்து எடுத்துக்கினு போங்க.”

“வேற எதாச்சும் வெச்சி மறைக்கலாமே?”

“அடையில இருக்கறத அசைச்சா முட்ட கூமுட்டையாப் போய்டுங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கோழியும் அசையவில்லை.

சரியென்று காத்திருந்து மறுபடி மலையேறினால், அந்தக் கோழி குஞ்சுகளோடு முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் வேறொரு கோழி! எனக்கு வந்த கோபத்தில் அதையும் சேர்த்து விலை பேசியிருப்பேன். வீட்டுக்காரர் சிரித்துவிட்டுக் கேப்பைக் கூழ் கொடுத்தார். குடித்துவிட்டு இறங்கிவந்தேன்.

கீழே வந்ததும் தங்கைக்குப் போன் போட்டு, “கோழி அடையில இருக்குதும்மா, கொஞ்சம் தள்ளி…” என்று ஆரம்பித்தேன். சொல்லும்போதே எனக்கே கேவலமாக இருந்தது.

அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், “நீ வர வேணாம்ண்ணா. ஞாயித்துக்கெழம கோயில்ல பந்தல் போட்டாச்சி, எல்லாருக்கும் சொல்லியாச்சி. உன் காரு ரெடியானா அத மட்டும் அனுப்பு. அது மடியிலயே உக்கார வெச்சிக் குத்திக்கிறேன்” என்று வைத்துவிட்டாள்.

என் தங்கை என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் யூரியா ஏற்றுகிற லோடு ஆட்டோவைக் கழுவி, பட்டுப் பாவாடை, தோடு, பழம், வெற்றிலை, இனிப்பு என்று தட்டுத்தட்டாக அதில் ஏற்றினோம். தட்டுகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்த என் மனைவி, “இது நேத்துதான் வாங்கினோமா?” என்று கேட்டாள். இல்லை. அது வருஷக்கணக்காகத் தினமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கோயில் வாசலில் இறங்கியபோது தங்கை ஓடிவந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேளம் தட்டினார்கள், தட்டுகளை வாங்கி வைத்தார்கள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, தப்பித்தோமடா சாமி என்று நினைத்தேன். பலகையில் உட்கார்ந்து மடியைச் சரிசெய்தேன். குழந்தையைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

வீல் என்று ஒரு கத்தல். ஆசாரி அப்போது பையைக்கூடத் திறக்கவில்லை.

“இன்னாடி இது, ஊசியப் பாத்து அழுவும்னு பாத்தா மாமனப் பாத்து அழுவுது?” என்றார் மாமியார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். குழந்தை பிறந்தபோது தொட்டிலில் பார்த்தவன்தான். முதலில் கடை வேலை, அப்புறம் காரில்தான் வருவேன் என்ற வீம்பு; நைனார்பாளையம் பக்கமே நான் எட்டிப் பார்க்கவில்லை.

தங்கை சிரிக்கவில்லை. “மாமாடி. தெனம் பாப்பியே, மாமா” என்று குனிந்து கெஞ்சினாள். குழந்தை விக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மாமா எங்க?” என்றது. வேறு வழியில்லாமல் தங்கை செல்போனைத் திறந்து அதன் முன்னால் நீட்டினாள். நான் அனுப்பிய படங்கள். கதவில்லாத கார், கதவு வைத்த கார், பெயின்ட் அடித்த கார். தள்ளத் தள்ளக் கார்தான், ஒன்றிலும் நான் இல்லை. தினமும் சாயங்காலம் இதைக் காட்டித்தான் மாமா, மாமா என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள், பாவி மகள். வேறு எதைக் காட்டுவாள்? குழந்தை கண்ணீரோடு சிரித்து, காரின் மேல் விரலை வைத்து, “மாமா” என்றது.

மாமியார் இந்த முறை புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். தங்கை தலையை நிமிர்த்தவே இல்லை.

இதுதான் சமயம் என்று ஆசாரி குத்திவிட்டார். குழந்தை துடித்தது. நான் இறுக்கி அணைத்துக்கொண்டேன். அது என் நெஞ்சில் கையை ஊன்றி என்னைத் தள்ளிவிட்டு, அந்தப் படத்தைப் பார்த்துக் கைநீட்டி, “மாமா, மாமா” என்று அழுதது.