அரைநாள் தண்ணி

நல்லரத்தினத்தை வட்டை விதானையாக்கியது அரசாங்கம் இல்லை. விவசாயிகள்தான் கையைத் தூக்கித் தெரிந்தெடுத்தார்கள். கரடியனாற்றுப் பக்கத்தில் வட்டை என்றால் வயல்வெளி. அதற்குத் தண்ணி பங்கிடுகிறவர் விதானை. மேல்வட்டையில் தமிழாக்கள், கீழ்வட்டையில் ஏறாவூர் முஸ்லிம் ஆக்கள், நடுவில் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பலகை. இறக்கினால் தண்ணி மேல்வட்டைக்குப் பாயும், தூக்கினால் கீழே போகும். இத்தனை போகத்தில் அந்தப் பலகையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. மனிசனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

போன சிறுபோகத்தில், கோடைப் பயிர்க் காலத்தில்தான் அந்தக் கோதாரி நடந்தது. குளத்தில் தண்ணி அடிமட்டத்துக்குப் போய்விட்டது. அன்று காலையில் கீழ்வட்டையின் முறை. பலகையைத் தூக்கப் போனவரை வரம்பில் மறித்தாள் மகள் வதனி. மேல்வட்டையில் அவளுடைய பயிர் குடலை தள்ளி, கதிர் வரப்போகிற நேரம், நிலம் வெடித்துக் கிடந்தது.

"அப்பா, மத்தியானம் வரைக்கும் இப்பிடியே விடுங்களன். அரைநாள் பிந்தினா கீழ ஆக்களுக்குக் குடிமுழுகிப் போகுமா?"

பெத்த மனம். அரைநாள்தானே என்று பலகையை அப்படியே விட்டார். மத்தியானம் வந்து தூக்கினால், ஐயோ, வாய்க்கால் வற்றிக்கொண்டிருந்தது. குடிதண்ணிக்கு மிச்சம் பிடிக்க வேண்டுமென்று அதிகாரிகள் குளத்துக் கதவைப் பூட்டிவிட்டார்களாம். கீழ்வட்டைக்குச் சேர வேண்டிய கடைசித் தண்ணி வதனியின் வயலில் நின்றது.

கீழ்வட்டையில் ஹலீமின் பயிர் முழுக்கப் பதர். ஆனால் ஹலீம் விதானையாரைக் குறை சொல்லவில்லை. "மேல ஊரான் ஆத்த மறிச்சிப்போட்டான்" என்று ஆற்றுக்கு மேலே இருக்கிற அடுத்த மாவட்டத்துச் சிங்கள ஆக்களைத்தான் ஏசினான். நல்லரத்தினமும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அந்த ஓம் அவரை அரித்துத் தின்றது. வதனி புது அரிசி கொண்டுவந்து சமைத்தபோது, வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டார்.

இந்த முறை விதைப்புக்கு முந்தி அதிகாரிகள் இரண்டு மாவட்டத்து விவசாயிகளையும் கூப்பிட்டு ஆற்றுத் தண்ணியைப் பற்றிப் பேச வைத்தார்கள். ஹலீம்தான் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். வழியில் எப்படியும் சொல்லிவிட வேண்டுமென்று தோளைத் தட்டினார்.

"என்ன விதானையார்?"

"ஒண்டுமில்ல, மெதுவாப் போ."

தூ, இதுவும் ஒரு நாக்கா என்று தன்னையே ஏசிக்கொண்டார்.

கூட்டத்தில் சத்தம் முற்றியபோது ஹலீம் எழும்பினான். "தண்ணி பங்கிடத் தெரியாட்டி எங்கட விதானையாரப் பாருங்க! இவர்ர மகள்ட வயல் மேல இரிக்கி, என்ட வயல் கீழ இரிக்கி. ஒரு சொட்டு மாறிப் போனதில்ல!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேல ஊர்ப் பெரியவர் ஒருவர் அரைகுறைத் தமிழில், மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: "எப்படி ஐயா? நம்ம வயல் காயுது. கதவு திறக்க மனசு வருமா?"

நல்லரத்தினம் எழும்பினார்.

"வராது" என்றார். "நானும் உங்களப் போலதான்."

ஹலீம் விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தீங்களா? கொஞ்சமும் பெருமை இல்லாத மனிசன்!" என்று கைதட்டினான். மண்டபமே கைதட்டியது. மேல ஊர்ப் பெரியவர் மட்டும் தட்டாமல், நல்லரத்தினத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.