அந்தம்மா அழுத்தியது ‘சரி’ மட்டும்தான்

சென்ற ஆண்டு கார்த்திகை தீபம் முடிந்து, மலை உச்சியிலிருந்து தீபக் கொப்பரையையும் இறக்கியாகிவிட்டது. லாட்ஜுகள் காலியாகி, திருவண்ணாமலைத் தெருக்களில் உள்ளூர்க்காரர்கள் நடக்க மறுபடியும் இடம் கிடைத்திருந்தது. அப்படி ஒரு காலையில் காபியோடு உட்கார்ந்தபோது போன் வந்தது. பேசியவர் என் நண்பரின் மனைவி.

“சார், மிஷின்ல அவுங்க குரல் வரமாட்டேங்குது. படம்லாம் வருது. தொட்டா சத்தமே இல்ல.”

“ஸ்பீக்கர யாராவது கம்மி பண்ணியிருப்பீங்க. தோ வரேம்மா” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

நண்பரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் மைக் செட் பாய் என்றால் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், கடைத் திறப்பு, ஆட்டோ விளம்பரம், பௌர்ணமி அன்று காணாமல் போனவர்களைப் பற்றிய அறிவிப்பு என்று இந்த ஊர் பல வருடங்களாக அவர் குரலைத்தான் கேட்டு வந்தது. அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள்.

நான் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். எழுபதைத் தாண்டியும் நிரல் எழுதுவதை விடவில்லை. சேதி கேட்டதும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆபரேஷனுக்கு முன்பே அவர் அன்றாடம் பேசும் சொற்களை அவர் குரலிலேயே பதிவு செய்துவிட வேண்டும். பிறகு தொடுதிரையில் ஒரு படத்தைத் தொட்டால் அந்தச் சொல் அவர் குரலில் ஒலிக்க வேண்டும்.

பதிவு செய்த நாட்களை மறக்கவே முடியாது. ‘தண்ணி’, ‘வலிக்குது’, ‘ஃபேன போடு’ என்று முதலில் நான் கேட்டதைச் சொன்னார். முதல் வார்த்தையையே மேடை அறிவிப்பு மாதிரி இழுத்துச் சொன்னார்.

“ஏங்க, தண்ணி கேக்கறீங்களா, தண்ணிப் பந்தல் திறக்கறீங்களா?” என்று அந்தம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

“சார், மைக்குக்கு ஒரு தொண்ட, வூட்டுக்கு ஒரு தொண்ட. இருங்க, மாத்திக்கிறேன்” என்றார் பாய். அதன் பிறகு அவர் பேசிய குரல் எனக்கே புதிது. தாழ்ந்த, லேசாகக் கரகரத்த, சிரிப்பு ஒட்டிய குரல். ‘ஏம்மா, சாப்ட்டியா?’, ‘இன்னாத்துக்கு இவ்ளோ உப்பு?’, ‘கோச்சுக்காத, வா’ என்று அவராகவே சொல்லிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் அந்தம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வீட்டில் இருந்த, தொடுதிரை உள்ள பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு என் நிரலை வைத்துக் கொடுத்தேன். ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து அந்தக் கணினிதான் அவர் வாய். விரலால் தொடுவார். பக்கத்து அறையிலிருந்து “தோ வரேங்க” என்று பதில் வரும். புதிதாக வருகிறவர்கள் அவரே கூப்பிட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

இதோடு நான் நின்றிருக்கலாம். பேச முடியாதவர்கள் எத்தனையோ ஊர்களில் இருப்பார்களே, எல்லோரும் எளிதாக நிறுவிக்கொள்ளட்டும் என்று நிரலை ஒரு பேக்கேஜாகக் கட்டி இணையத்தில் போட்டேன். பேக்கேஜ் என்பது ஒரு பொட்டலம் மாதிரி. உள்ளே நிரல் இருக்கும். கூடவே, நிறுவும்போது என்ன செய்ய வேண்டும், நீக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் சில கட்டளைகளும் இருக்கும். இவற்றைக் கட்டுகிறவன்தான் எழுத வேண்டும். பலர் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும், “நீக்கிய பிறகும் உங்கள் நிரலின் குப்பை என் கணினியில் கிடக்கிறதே” என்று கேலியாக எழுதியிருந்தார். ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. ‘நீக்கிய பின் நிரலின் தகவல் கோப்புறையைச் சுத்தமாகத் துடைத்துவிடு’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். அந்தப் பதிப்பையே பாய் வீட்டிலும் போட்டுவைத்தேன். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு, எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்று பாய் கேட்டார். செய்தேன். புதிய பதிப்பு வந்ததும் திரையில் அறிவிப்பு ஒன்று தோன்றும்படி வைத்திருந்தேன். அதன் வாசகத்தையும் நானேதான் எழுதினேன். ‘புதிய பதிப்பு வந்துள்ளது. நிறுவலாமா? கவலை வேண்டாம், உங்கள் குரல் பதிவுகள் பத்திரமாக இருக்கும்.’ அதன் கீழே ‘சரி’ என்று ஒரு பச்சைப் பொத்தான்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

பாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி எப்போதும் போல் வெள்ளைத் துணி. கணினியைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். ஒலியளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஸ்பீக்கரும் சரியாக இருந்தது. பிறகு பதிவுகள் இருக்கும் தகவல் கோப்புறையைத் திறந்தேன்.

காலியாக இருந்தது.

வேறு இடத்தைத் திறந்துவிட்டேன் என்று நினைத்து மூடிவிட்டு மறுபடி திறந்தேன். காலிதான். கணினி தான் செய்ததையெல்லாம் குறித்துவைக்கும் பதிவேட்டைப் பார்த்தேன். முந்தைய நாள் மாலை புதிய பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. அதையடுத்து, பழைய பதிப்பின் ‘நீக்கிய பின்’ கட்டளை ஓடியிருந்தது. என் வரி.

லினக்ஸ் பேக்கேஜ் முறையில், புதிய பதிப்பு ஏறும்போது பழையது வெளியேறும். வெளியேறும்போது அதன் ‘நீக்கிய பின்’ கட்டளையும் ஓடும். ஒரேயடியாக நீக்குகிறார்களா, புதுப்பிக்கத்தான் நீக்குகிறார்களா என்பதைக் கணினி ஒரு சொல்லால் அந்தக் கட்டளைக்குத் தெரிவிக்கும். கட்டளை எழுதுகிறவன் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் துடைக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. புதுப்பித்தலை என் வீட்டுக் கணினியில் சோதித்துத்தான் வெளியிட்டேன். ஆனால் அதில் ஒரு குரல் பதிவுகூடக் கிடையாது. காலிக் கோப்புறை அழிந்து காலிக் கோப்புறையாகவே திரும்பி வந்ததை நான் எப்படிக் கவனிப்பேன்? அழிக்கச் சொல்லும் கட்டளையை நானே கொண்டுவந்து அந்த வீட்டில் வைத்துவிட்டு, இத்தனை மாதம் அதன் எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

நகல் இருக்கிறதா என்று கேட்பீர்கள். பதிவு முடிந்த அன்றே, ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னது நான்தான். எடுக்காமல் விட்டதும் நான்தான்.

என் முகம் மாறியதை அந்தம்மா பார்த்துவிட்டார்.

“நேத்து என்னமோ கேட்டுச்சு சார். பத்திரமா இருக்கும்னு போட்டிருந்துது. அவுங்க தொழுகைல இருந்தாங்க. நான்தான் சரின்னு அமுக்கினேன். தப்பா சார்?”

இதற்கு ‘இல்லம்மா’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது என் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

“சில நேரம் இப்படி ஆயிடும்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கறேன்.”

பொய் என்று யாரும் சொல்ல முடியாத பதில். ஆனால் அந்தம்மா அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்குத் தெரிந்த வழிகளில் எல்லாம் தேடினேன். தெரிந்தவர்களையும் கேட்டேன். அந்தக் கணினியில் இருக்கும் வகை டிஸ்க்கில் அழிந்தது அழிந்ததுதான் என்றார்கள். இன்னொரு வேலையும் செய்தேன். அந்தப் பேக்கேஜை உடனே இணையத்திலிருந்து எடுத்துவிட்டு, ‘தவறு முழுக்க என்னுடையது, யாரும் புதுப்பிக்க வேண்டாம்’ என்று விவரமாக ஓர் அறிக்கை எழுதினேன். எந்த வரி, ஏன் தவறு, எப்படிச் சோதித்திருக்க வேண்டும் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. நல்லவேளையாக வேறு யாருக்கும் இழப்பு இல்லை. எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத மனிதர்கள், இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்று எழுதினார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு மனம் லேசானது என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு பெண்மணியிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஒன்றும் கிடைக்காத கணினியோடு போனேன். “முடியல பாய்” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தம்மா டீ கொண்டுவந்து வைத்தார். ஆளே பாதியாகியிருந்தார். கணினியை அவர் பக்கம் நகர்த்தினேன். நெருப்பைக் கண்டவர் போலக் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“வேணாம் சார். நான் எதையும் தொடறதில்ல. போன் அடிச்சாகூட அவுங்கதான் எடுத்துக் குடுக்கறாங்க.”

அப்போதுதான் வெளியே ஆட்டோ ஒன்று மெதுவாகத் தெருவுக்குள் திரும்பியது. “பெரியோர்களே, தாய்மார்களே! நமது தேரடி வீதியில்...” என்று கணீரென்று ஒரு குரல். பாயின் குரல். ஏதோ ஒரு ஜவுளிக்கடைக்காரர் பழைய விளம்பரப் பதிவையே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

கட்டிலில் இருந்த பாய் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் உதடுகள் அந்த வார்த்தைகளோடு சேர்ந்து, சத்தமில்லாமல் அசைந்தன. ‘புத்தம் புதிய பட்டுச் சேலைகள்... அனைவரும் வருக, வருக.’ ஒரு சொல்கூடப் பிசகவில்லை. ஆட்டோ தெரு முனை தாண்டியது.

“அது ஊருக்குப் பேசுற குரலு சார்” என்றார் அந்தம்மா, தரையைப் பார்த்துக்கொண்டே. “எங்கிட்டப் பேசுனத நான் என் கையாலயே அழிச்சிட்டேன்.”

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

“நீங்க இல்லம்மா. நான். அழிக்கச் சொன்னதும் நான், பத்திரமா இருக்கும்னு எழுதுனதும் நான். நீங்க ‘சரி’ அமுக்காம இருந்திருந்தா பாய் அமுக்கியிருப்பாரு. யார் அமுக்கியிருந்தாலும் போயிருக்கும். அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அப்ப நான் இல்லியா சார்?”

“இல்லம்மா.”

“நெசமா நான் இல்லியா?”

அவர் முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை. பெரிய சுமை ஒன்று இறங்கிய முகம். அதுதான் என்னை உலுக்கியது. பிறகு கணவர் பக்கம் திரும்பி, “ஏங்க, நான் இல்லியாம்” என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் கண்ணில் சிரிப்பு வைத்திருக்கும் மனிதர். அன்று அது இல்லை. போனை எடுத்து நிதானமாகத் தட்டச்சு செய்து என்னிடம் நீட்டினார்.

‘என் குரல் ஆபரேஷன்லயே போச்சு சார். மிச்சம் இருந்ததும் போச்சு, அது தவறிப்போய் நடந்தது. ஆனா இவ ஒரு வாரமா தூங்கல, ராப்பகலா எங்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டிருந்தா. அது உங்களுக்குத் தெரிஞ்சே நடந்தது.’

படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

சில வாரங்கள் நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. பிறகு அந்தம்மாவே போன் செய்தார். “சார், மிஷின் சும்மாவே கிடக்குது. என் குரல வெச்சாவது ஓட்டலாம்னு அவுங்க சொல்றாங்க.” போனேன். இந்த முறை பதிவு செய்த கையோடு மூன்று இடங்களில் நகல் வைத்தேன். இப்போது பாய் ‘தண்ணி’ படத்தைத் தொட்டால் அந்தம்மாவின் குரல் தண்ணீர் கேட்கிறது. “யாரு கூப்பிடறது, நானா?” என்று கேட்டபடியே அவர் சொம்போடு வருகிறார். பாய் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிக்கிறார். என்னைப் பார்த்தும் சிரிக்கிறார். ஆனால் முன்பு போல என் தோளில் கை போடுவதில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

பேக்கேஜைத் திருத்திக் கட்டி மறுபடி வெளியிட்டேன். பதிவுகள் நிறைந்த கணினியில் புதுப்பித்துப் பார்க்காமல் இப்போது எதையும் வெளியே விடுவதில்லை. ‘கவலை வேண்டாம்’ என்ற சொற்களையும் எடுத்துவிட்டேன். அந்த ஒற்றை வரிப் பிழையைத் திருத்த எனக்குச் சில நிமிடங்கள்தான் ஆயின, ஆனால் “தப்பா சார்?” என்று ஒருவர் கேட்டபோது, “இல்லம்மா, நான்தான்” என்று அந்தக் கணமே சொல்லாமல் விட்டதைத் திருத்த எந்தப் புதிய பதிப்பும் இல்லை என்பது, ஒவ்வொரு முறை ‘சரி’ என்ற பொத்தானைத் திரையில் வைக்கும்போதும் என் நெஞ்சை அழுத்துகிறது.