கண்டக்டர் எண்ணாத தலை

ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் எங்கள் கண்டக்டரை விசில் விட்டபாடில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் காட்டுப் பள்ளத்தாக்குக்கு நடத்திக் கூட்டிப்போகிறவர் அவர்தான். பாழடைந்த மாவு ஆலை, அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த கல் வாய்க்கால், சுண்ணாம்புக் காளவாய், பழைய வளைவுப் பாலம், எல்லாமே அவருக்கு பஸ் நிறுத்தங்கள். "காளவாய் எல்லாம் இறங்கு!" என்பார். செல்ஃபி எடுக்க நின்றால், "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று விரட்டுவார். காட்டில் படி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த வாரம் அவர் மனைவியும் வந்திருந்தார். வீட்டில் பள்ளிச் சீருடை தைக்கிற அக்கா. "இடிஞ்ச செவுத்தப் பாக்க எதுக்குங்க காடு வரைக்கும்? நம்ம சமையக்கட்டுலயே இருக்கே" என்று இத்தனை காலமும் தட்டிக்கழித்தவர். கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தார் கண்டக்டர். அக்காவுக்குப் பிடிக்க வேண்டுமே, இனி வாராவாரம் கூட வர வேண்டுமே என்று மனிதருக்கு ஒரே படபடப்பு.

காளவாயைப் பார்த்து முடித்ததும் தலைகளை எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. விசில் ஊதினார், புறப்பட்டோம். பாலத்துக்கு வந்து கதை சொல்லத் திரும்பினால், அக்காவைக் காணோம்.

கண்டக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. வந்த வழியே ஓடினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். அக்கா காளவாய்க்குள் நின்று, மேலே குறுகிக்கொண்டே போகும் செங்கல் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணிட்டுத்தானே விசில் ஊதுனீங்க?"

"எண்ணினேன்மா. பஸ்ல டிக்கெட்டத்தான் எண்ணுவோம், டிரைவர எண்ண மாட்டோம். காலையிலேர்ந்து நீ என்கூட முன்னாடியே நடந்தியா, பழக்கதோஷத்துல..."

நாங்கள் சிரித்துவிட்டோம். அக்கா சிரிக்கவில்லை.

"வீட்டுலயும் அப்படித்தான் எண்ணுறீங்க. யாருக்கு என்ன வேணும்னு எல்லாரையும் கேப்பீங்க. என்னைக் கேட்டதே இல்ல."

கண்டக்டர் தலை குனிந்தார்.

"தப்புதான். இனிமே வரமாட்டியா?"

"ஏன் வராம? இவ்வளவு அழகான இடத்த நீங்க மட்டும் பாத்துட்டு இருந்திருக்கீங்க. வருவேன். ஆனா என்னை முதல்ல எண்ணணும்."

கண்டக்டர் எங்கள் எல்லோர் முன்னாலும் அக்காவை நேராகப் பார்த்து, "ஒண்ணு" என்றார். அதற்குப் பிறகுதான் விசிலை எடுத்தார்.