ஆறாவது திரை

விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் அசீசுன்னிசா நிரலைக் காகிதத்திலேயே ஓட்டிப் பார்ப்பாள். ஓட்டுவது விரல்தான். வலது கை ஆள்காட்டி விரல் வரிவரியாக இறங்கும்; இடது கை சோம்பு டப்பாவைத் துழாவும். விரல் நின்றுவிட்டால் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. செஞ்சி கடைவீதி மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த சுந்தரமூர்த்தியிடம்தான் அவள் நிரல் எழுதும் வேலை பார்த்தாள்; அவருக்கு இது பழகிப்போயிருந்தது.

எண்பத்தெட்டில் அந்த மாடியில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதிலிருந்து ஒயர் இழுத்து ஆறு திரைகள். தட்டச்சுப் பயிற்சி நிரலை ஆறு பேருக்கும் தனித்தனியாக ஓட்டினால் நினைவகம் போதாமல் மெஷின் திணறியது. அதனால் ஒரே நிரலுக்குள் ஆறு சின்ன வேலைகளை வைத்து, மாற்றி மாற்றி ஓட்டும் திரெட் லைப்ரரி ஒன்றை அவளே எழுதினாள்.

ஆனால் வல்லத்திலிருந்து வரும் மங்கை எந்த விசை என்று ஒரு கணம் யோசித்தால் போதும், மற்ற ஐந்து திரைகளும் உறைந்துவிடும். மாணவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

"திங்கக்கெழம மெஷின மெட்ராசுக்கே திருப்பி அனுப்பிடலாம்மா," என்றார் சுந்தரமூர்த்தி.

விரல் ஒரு வரியில் நின்றது.

"இந்த ரீட் தான் சார். எழுத்து குடுன்னு மெஷின ஆட்டிவெக்கிற யூனிக்ஸ கேக்குது. உள்ள ஆறு பேரு இருக்கறது அதுக்கு இன்னா தெரியும்? அதுக்கு நாம ஒரே ஆளு. எழுத்து வர்லன்னா மொத்தமா தூங்க வெச்சிடுது."

"அப்ப இன்னாம்மா பண்றது?"

"நேரா ரீட்டுக்குப் போவக் கூடாது. எழுத்து வந்துக்குதான்னு மொதல்ல கேக்கணும். வர்லியா, அந்த வேலைய ஓரமா நிறுத்திட்டு அடுத்தத ஓட்டணும். அப்பறமா வந்து திரும்பக் கேக்கணும்."

அப்படியொரு சொந்த ரீட்டை எழுதினாள், இருபத்திரண்டு வரி. "டிஸ்க்குலேர்ந்து படிக்கறதுக்கு இது செல்லாது சார். அங்க ஒருத்தரு நின்னா எல்லாரும் நின்னுதான் ஆவணும்," என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தாள்.

சனிக்கிழமை காலை மங்கையைக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காரச் சொன்னார்கள். மற்ற ஐந்து திரைகளில் எழுத்துகள் ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. மெஷினில் ஓர் ஆணிகூட மாறவில்லை. மெஷினை விற்ற மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் ஆகாது என்று கைவிரித்ததை, இந்தப் பெண் ஒரு நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதியே முடித்துவிட்டாள்.

"லாரிய வர வேணாம்னு சொல்லிடறேன்," என்றார் சுந்தரமூர்த்தி.

அசீசுன்னிசா ஓடுகிற ஐந்தையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரமாக நிறுத்திய ஆறாவது திரும்ப எழுந்திருக்குமா என்பதுதான் அவள் கவலை. மங்கையின் பின்னால் போய்க் குனிந்து, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஒரே ஒரு விசையைத் தட்டினாள். அந்த எழுத்து திரையில் வந்து நிற்கும்வரை மூச்சு விடவில்லை.