என் தவணையைக் கட்டியவர்கள்

முட்டை ஓடுகளைக் கையால் நசுக்கி, செய்தித்தாளில் பொதிந்து, ஒயர் கூடைக்குள் துணிக்கு அடியில் வைத்துக்கொள்வேன். ரேஷன் கடைக்குப் போகிற வழியில் ஓர் ஓடைப் பள்ளம் உண்டு. முன்னும் பின்னும் ஆள் இல்லையென்று பார்த்துவிட்டு அதில் வீசிவிட்டு நடப்பேன். கோழிப்பண்ணைகள் சூழ்ந்த எங்கள் பக்கத்தில் முட்டை ஒன்றும் பெரிய பண்டமில்லை. கீறல் விழுந்த முட்டையைப் பண்ணையிலேயே சல்லிசாகத் தருவார்கள். ஆனாலும் திருடிய பொருளைப் போல அதை மறைத்தேன். என் வாரத் தவணையைத் தெருப் பெண்கள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய காசுதான் என் வீட்டு அடுப்பில் முட்டையாக வேகிறது என்று யாருக்கும் தோன்றிவிடக் கூடாதே என்ற பயம்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், விசைத்தறி ஓடும் ஒரு தெருவில் எங்கள் வீடு. என் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். வெளிமாநிலத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தபோது இரும்புக் குழாய் சரிந்து விழுந்து அவர் தொடை எலும்பை முறித்துவிட்டது. அதற்கு முன்பே தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். வாராவாரம் ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்போம். அவசரத்துக்கு அதிலிருந்தே எடுத்துக்கொள்வோம். பெரிய செலவென்றால் ஒரு கடன் கம்பெனியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வாங்குவோம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டியாக வேண்டும். அந்தக் கடனில் நான் ஒரு கறவை மாடு வாங்கியிருந்தேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மாட்டை விற்றேன். பிறகு வாரத் தவணை கட்ட வழியில்லை.

குழுவின் தலைவியை நாங்கள் தலைவியக்கா என்றே கூப்பிடுவோம். கணவரை இழந்தவர். பகலில் நூல் சுற்றும் வேலை, சாயங்காலம் ஆடு மேய்ப்பு. வீட்டுக்குப் பின்னால் பட்டி போட்டு மேச்சேரி ஆடுகள் வளர்த்தார். கட்டிக்கொடுத்த மகளின் பிரசவச் செலவுக்கென்று அவற்றை வைத்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். குழுக் கூட்டம் அவர் வீட்டு வாசலில்தான் நடக்கும். நான் முதன்முதலாகக் கையை விரித்த அன்று, முழுப் பணம் வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று கம்பெனி ஆள் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிக்க வேண்டாமுங்க தம்பி, இருந்து மோர் குடிச்சுட்டே போங்க" என்றார் தலைவியக்கா. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "இவ ஊட்டுக்காரரு எந்திரிச்சு நடக்கற வரைக்கும் இவ பங்கை நாம பிரிச்சுக் கட்டலாம். முடியாதவங்க இப்பவே சொல்லிப்போடுங்க. பின்னால மொணங்கக் கூடாது."

ஒவ்வொருத்தியாக இடுப்புப் பையைத் திறந்தார்கள். நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நடப்பதே எனக்குக் கஷ்டமாகிவிட்டது. நூற்பாலைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒருத்தி நடந்து போவதைப் பார்த்தேன். எதிர்வீட்டில் பால் பாக்கெட் நின்றுபோனது. இவையெல்லாம் என்னால்தானா, வேறு காரணமா, எனக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாவற்றையும் என் கணக்கிலேயே வைத்துக்கொண்டேன். முறிந்த எலும்பு சேரத் தினமும் முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தலைவியக்கா ஆடு மேய்க்க அந்த ஓடைப் பள்ளத்துக்குத்தான் போவார் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. ஒருநாள் கீறல் முட்டை அட்டையோடு நேராக என் சமையலறைக்குள் வந்து நின்றார்.

"ஏஞ்சாமி, இதை எதுக்கு அத்தனை தூரம் கொண்டுபோயி வீசிட்டு வார? ஊட்டுக் குப்பையிலயே போடு. எவ கேக்கறான்னு பாக்கறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் ஒருத்தி கேட்கத்தான் செய்தாள். நூற்பாலைக்கு நடந்து போனவள். அடுத்த கூட்டத்தில், "எம்புள்ளைக்கு நல்லதா ஒரு செருப்பு வாங்க முடியலைங்க. இவ ஊட்டுல தெனமும் முட்டை வேகுது. நான் எதுக்குங்க கட்டோணும்?" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. "ஆமா, வேகுது. நாந்தான் வாங்கிக் குடுக்கறேன்" என்றார் தலைவியக்கா. அவர் கொடுத்தது ஒரே ஒரு அட்டை. மற்ற நாளெல்லாம் வாங்கியது நான்தான். அதை நான் சொல்லியிருக்கலாம், வாயைத் திறக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து நூற்பாலைக்காரியின் பங்கையும் சேர்த்துத் தலைவியக்காவே கட்டினார்.

சில வாரம் கழித்து அவர் வீட்டுப் பின்பக்கம் போனபோது பட்டி திறந்து கிடந்தது. உள்ளே புழுக்கைகூடக் காய்ந்துபோயிருந்தது. ஆடுகள் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே. தை மாதம் மகள் பிரசவத்துக்கு வந்தாள். வெளியில் வட்டிக்கு வாங்கித்தான் தலைவியக்கா அந்தச் செலவைப் பார்த்தார். குழுவில் கேட்டிருக்கலாம், ஆனால் ஆஸ்பத்திரிக்கென்று நான் எடுத்ததில் குழுவின் சேமிப்பு வழித்துத் துடைத்த சட்டிபோல இருந்தது. குழந்தையைப் பார்க்கப் போனேன். பச்சைப் பிள்ளையின் கையில் நோட்டை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே கிளம்பி வந்துவிட்டேன்.

என் கணவர் எழுந்து நடந்தார். லாரிப் பட்டறை ஒன்றில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். நான் துணி மடிக்கும் வேலைக்குப் போனேன். வாங்கியதை ஒவ்வொருத்திக்கும் திருப்பிக் கொடுத்தேன். நூற்பாலைக்காரி இரண்டு முறை எண்ணிப் பார்த்து, வட்டியும் கேட்டு வாங்கினாள். அவள் வீட்டுப் படியிறங்கியபோது இருந்த நிம்மதியை அதற்கு முன் அனுபவித்ததில்லை. தலைவியக்காவோ வட்டியைத் தொடவில்லை. ஆட்டுப் பேச்சை எடுத்ததும், "அது எப்படியும் வித்திருப்பேன், உடு" என்று உள்ளே போய்விட்டார். அன்று வாங்கிக்கொண்டிருந்தால் என் மனசு என்னை விட்டிருக்கும். வாங்காததால் இத்தனை வருஷமாக மனசு விடவில்லை.

பின்னாளில் அவர் மோகனூரில் மகளோடு போய்த் தங்கிவிட்டார். குழு என்னைத் தலைவியாக்கியது. போன வருஷம், கடைசி வீட்டில் குடியிருக்கும் இளம்பெண் ஒருத்தியால் தவணை கட்ட முடியவில்லை. கணவன் ஓட்டிய தறிப்பட்டறை மூடிவிட்டது. கைம்மாறு செய்ய என் முறை வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அக்கா சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லி, அவள் பங்கைப் பிரித்துக் கட்ட வைத்தேன்.

முதல் இரண்டு வாரம் நெஞ்சு நிறைந்திருந்தது. மூன்றாவது வாரம் அவள் தலையில் மல்லிகை இருந்ததைக் கவனித்தேன். பிறகு அவள் குழந்தை கையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை. பிறகு அவள் போனுக்கு ரீசார்ஜ் செய்ததை. என் கண் அவள் வாங்கும் ஒவ்வொரு பொருளின் மேலும் போய் உட்கார்ந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது. நான் வாங்கித் தின்றவள். எனக்கு இந்தக் கோபம் எப்படி வரலாம்? அக்கா ஒருநாளும் என்னை இப்படிப் பார்த்ததில்லையே என்று நினைக்க நினைக்க, மனசு இன்னும் கூசியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மோகனூர் போனேன்.

தலைவியக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சாப்பிட வைத்த பிறகுதான் பேச விட்டார். கேட்டேன்: "நெசமாச் சொல்லுங்கக்கா. அப்ப எம்மேல உங்களுக்குக் கோவம் வந்துச்சா?"

"வராம?" என்றார் உடனே. "ஆட்டைப் புடிச்சுக் குடுத்த அன்னிக்கு உன்ற மூஞ்சியில முழிக்கவே புடிக்கலை. அதுக்குன்னு உட்டுப்போட முடியுமா சாமி? கோவம் ஒரு பக்கம், டியூ ஒரு பக்கம்."

கீரையை உருவுவதை அவர் நிறுத்தவே இல்லை. என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை. திரும்பி வருகையில் வழியில் ஊர்கள் தாண்டியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் கோபமே வராது என்று இத்தனை நாள் நம்பியது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு வாராவாரம் கட்டியிருக்கிறார். நானோ அவருக்கு அது சுலபம் என்று நினைத்து இருந்துவிட்டேன்.

மறுநாள் கடைசி வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, ஈரக் கையைத் துடைத்தபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு உம்மேல கோவமா இருக்குது கண்ணு" என்றேன். "இருந்தாலும் கட்டுவோம். உனக்கு வேலை அமையற வரைக்கும் கட்டுவோம். மறைச்சு வெச்சுக்கிட்டுச் சிரிக்க என்னால முடியலை, அதான் சொல்லிப்போட்டேன்."

அவள் தலையை நிமிர்த்தாமலே, "எனக்கும் உங்க மேல கோவந்தானுங்க" என்றாள். "காசு கட்டறீங்க, நல்லதுங்க. ஆனா எங்கொழந்த கையில இருக்கறதையெல்லாம் நீங்க பாக்கறீங்க."

மனசில் இருப்பதை இப்படித் தலைவியக்காவிடமோ நூற்பாலைக்காரியிடமோ சொல்கிற தைரியம் எனக்கு அன்று இல்லை. "ஆமா, பாத்தேன்" என்றேன். அவள் நகர்ந்து, துவைக்கும் கல்லில் எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.