தாலிக்கு முன் வந்த ஆம்புலன்ஸ்

பிரேமலா சிங்கப்பூர்த் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, படித்து, ஆம்புலன்ஸ் பணிக்கு வந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காஹாங் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தது. பெண்ணின் அப்பா காளிதாஸ் நாற்காலியில் சரிந்து, வியர்த்து ஊற்ற, வாய் குழறி உளறிக்கொண்டிருந்தார்.

"காலையிலேயே தண்ணி போட்டுட்டாரு லா," என்றார் மாப்பிள்ளையின் மாமா, எல்லோருக்கும் கேட்கும்படி.

காளிதாஸின் மனைவி செல்லம் தலைகுனிந்து நின்றார். "இனிமே தொட மாட்டேன்னு மக தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரும்மா."

பிரேமலா குனிந்து பார்த்தார். மதுவாடை இல்லை. முகம் கோணவில்லை, இரண்டு கைகளும் ஒரே மாதிரி அசைந்தன; பக்கவாதமும் இல்லை.

"அக்கா, இவருக்கு இனிப்புநீர் வியாதி இருக்கா?"

"இருக்கு. காலையில இன்சுலின் போட்டாரு."

"சாப்பிட்டாரா?"

செல்லம் நெற்றியில் கை வைத்தார். "பூ, சமையல்னு ஓடிக்கிட்டே இருந்தாரே..."

விரல் நுனியில் குத்திச் சோதித்ததும் தெரிந்துவிட்டது.

"இவரு குடிக்கலக்கா. சாப்பிடாம சர்க்கரை இறங்கிப்போச்சு!" பிரேமலா வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னார்.

நரம்பில் குளுக்கோஸ் ஏறியதும் காளிதாஸ் கண்களை அகலத் திறந்தார். "அலமாக்! தாலி கட்டியாச்சா?"

"நீங்க இல்லாம எப்படிங்க?" செல்லம் அழுதுகொண்டே சிரித்தார். மாப்பிள்ளையின் மாமாவே ஓடிப்போய்த் தட்டு நிறைய இட்லி கொண்டுவந்தார்.

மறுபடி சோதித்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. மணவறை அருகே உட்கார்ந்து தாலி கட்டுவதைப் பார்த்த பிறகே காளிதாஸ் பட்டு வேட்டியோடு ஆம்புலன்ஸில் ஏறினார். வழியெல்லாம் மருமகன் புராணம்தான்.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்க அங்கிள், பிரஷர் பாக்கணும்," என்று பிரேமலா கெஞ்ச வேண்டியிருந்தது.