மியூசியத்தில் படுத்திருந்த மனுஷன்

என் வீட்டுக்காரர் நாராயணசாமி படுத்துக்கொண்டே சம்பாதித்தவர். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நீலசந்திராவில் எங்கள் வரிசையே சிரித்து ஓய்ந்தது. "உன் புருஷனுக்கு இன்னாடி குறைச்சல், படுத்தா சம்பளம், எழுந்தா டீ" என்பாள் பக்கத்து வீட்டு எல்லம்மா. அவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு நிவாரணச் சங்கம் சின்னதாக ஒரு மியூசியம் வைத்திருந்தது. சண்டைக் காலத்து ஸ்ட்ரெச்சர், மரக்கால், பிரிவினையில் ரயில் கூரைமேல் உட்கார்ந்து வந்த அகதிகளின் போட்டோ, வெள்ளம் வந்த ஊரில் கஞ்சி காய்ச்சிய அண்டா, இப்படி. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவார்கள். இதையெல்லாம் பார்த்தால் மனசு இளகி, நாலு பேருக்கு உதவுகிற வேலைக்கு அதுகள் பேர் கொடுக்கும் என்று சங்கத்துக்கு நம்பிக்கை. சுற்றிக் காட்டிய பிறகு கட்டுப் போடப் பழக்குவார்கள். அதற்கென்று ஒரு வைக்கோல் பொம்மை இருந்தது. அதை எலி தின்றுவிட்டது. அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் படுத்தார்.

அவர் பர்மா சண்டையில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். தூக்கியவனையே அதில் படுக்க வைத்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம். அவருக்கு ஆத்திரப்படக்கூடத் தெம்பு கிடையாது. விடிந்ததும் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கப் போவார். அங்கிருந்து நேராக மியூசியம். கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பார், கூட்டுவார், சனிக்கிழமை வந்தால் படுப்பார். காலுக்குக் கட்டை வைத்து ஒருத்தி கட்டுவாள். அதை அவிழ்த்துவிட்டு இன்னொருத்தி கட்டுவாள். கிள்ளிப் பார்க்கும், உள்ளங்காலில் கூச்சம் காட்டும், மூக்கில் புல்லை விடும். கட்டுக் கட்டச் சொல்லிக் கொடுக்கும் ஓஸ்வால்ட் துரை, "மெல்ல, மெல்ல! அது மனுஷன், மூட்டை இல்லை" என்று தொண்டை கிழியக் கத்துவாராம். யார் கேட்டார்கள்? அதுகள் பிஸ்கட் தின்றுவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடும். பேர் கொடுத்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"ஏங்க, இந்தப் பேஜார் பிழைப்பு நமக்கு எதுக்கு? விட்டுடுங்க" என்றால், "படுக்கற நேரமாச்சும் கிடைக்குதே காந்தா" என்பார்.

கட்டுத் துணிகள் எங்கள் வீட்டுக்குத்தான் வெளுக்க வரும். வாசலில் கயிறு கட்டி, நீள நீளமாகக் காயப்போட்டு, சுருட்டிக் கொடுப்பது என் வேலை. அதுதான் என் மகள் ருக்குவின் கல்யாணத்துக்கு உலை வைத்தது.

ருக்குவுக்கு அதற்குமுன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக ஜோகுபாளையத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை பெருமாள்சாமி ஃபேக்டரியில் லேத் ஓட்டுபவன். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. பூ வைக்க நாள் கேட்க வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா தனக்கோடி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். வாசல் முழுக்கக் கட்டுத் துணி. அந்த அம்மா தாண்டி உள்ளே வரவே இல்லை.

"இன்னாம்மா இது? யாருக்குப் புண்ணு?"

"புண்ணு ஒண்ணும் இல்லக்கா. மியூசியத்துத் துணி. ஸ்கூல் பிள்ளைங்க கட்டிப் பழகறது."

"யாருக்குக் கட்டுவாங்க?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"அவருக்கு இன்னா வியாதி?"

"வியாதி இல்லக்கா. சும்மாதான் படுத்திருப்பாரு."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இதை எவள் நம்புவாள்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நான் ஒரே ஒரு உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். தனக்கோடி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். பெருவியாதி, குஷ்டம் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகம் சொல்லிற்று. உள்ளே ருக்கு சுவரோடு ஒட்டி நின்றாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அக்கா, சனிக்கிழமை என்கூட வாங்க. உங்க கண்ணால பாருங்க. அப்புறம் வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, நான் ஏன்னு கேக்கல" என்றேன். கொஞ்சம் யோசித்து, "சரி, பாத்துட்டே சொல்றேன்" என்றாள்.

நானும் அதற்குமுன் அந்த மியூசியத்துக்குள் போனதில்லை. அவரிடம் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. சொன்னால் வேண்டாம் என்பார். சனிக்கிழமை தனக்கோடியோடு உள்ளே நுழைந்தேன். கான்வென்ட் பெண்கள் கூட்டமாக நின்று கிசுகிசுவென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். விலக்கிக்கொண்டு பார்த்தேன்.

அன்றைக்குப் பாடம், மோட்டாரில் அடிபட்டுத் தாடையும் காலும் முறிந்தவனுக்கு எப்படிக் கட்டுவது என்பது. மோவாயிலிருந்து உச்சந்தலைக்கு ஒரு கட்டு. இரண்டு பாதங்களையும் சேர்த்து ஒரு கட்டு. வெள்ளைத் துணி. மல்லாக்கக் கிடக்கிறார், கண் மூடியிருக்கிறது, அசைவில்லை. காலையில் இறக்கிய மூட்டைகளின் அசதியில் நன்றாகத் தூங்கிப்போயிருந்தார். வாய்க்கட்டும் கால்கட்டும் போட்டு ஒரு மனுஷனை மல்லாக்கக் கிடத்தியிருந்தால் எங்கள் ஜனங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

எனக்கு விஷயம் தெரியும், அதனால் நின்றேன். தனக்கோடிக்குத் தெரியாது. மூக்கை மூடியிருந்த முந்தானை நழுவியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள், அப்படியே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொண்ணைக் கைப்பிடிச்சுக் குடுக்காமப் பூட்டியே என் சம்பந்தி... மணவறை பாக்காம மல்லாந்து கிடக்கிறியே என் சம்பந்தி... பூ வைக்க வந்த என்னைப் பூவெடுக்க வெச்சியே..."

நான் "அக்கா, அக்கா, இருங்க" என்கிறேன், காதில் விழுந்தால்தானே. மார்பில் அடித்துக்கொண்டு முழு ராகத்தோடு அழுகிறாள். பெண்களின் சிரிப்பு பட்டென்று நின்றது. ஓஸ்வால்ட் துரை கையில் குச்சியோடு சிலையாகிவிட்டார். சத்தத்தில் இவர் விழித்துக்கொண்டார். விழித்து என்ன? வாய் கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை. கால் கட்டியிருக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை. "ம்ம், ம்ம்" என்று தலையை ஆட்டுகிறார்.

அவருக்குக் கட்டுப் போட்ட பெண் சின்னவள். கண்ணில் தண்ணீர் வழிய, மண்டிபோட்டு உட்கார்ந்து தாடைக் கட்டை அவிழ்த்தாள். வலிக்குமோ என்று தலையை ஒரு கையில் தாங்கிக்கொண்டே அவிழ்த்தாள். மெல்ல என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. மற்ற பெண்கள் கால்பக்கம் போய் உட்கார்ந்து கால்கட்டை அவிழ்த்தார்கள். ஒருத்தி தனக்கோடிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உயிரோடு எழுந்து உட்கார்ந்தவரைத் தனக்கோடி வெகுநேரம் முறைத்தாள்.

"மெய்யாலுமே தூக்கமா?"

"ஆமாங்க. கொஞ்சம் அசதி."

"வாயையும் காலையும் கட்டினா எவனாச்சும் தூங்குவானா, சாமி?"

அவள் அவருடைய கையை எடுத்துப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், விரல் விரலாகப் பார்த்தாள். புண் எதுவும் இல்லை. மூட்டை தூக்கிய காய்ப்புதான் இருந்தது. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"இல்லேன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள் என்னிடம். "இத்தனை பேர் முன்னாடி சம்பந்தின்னு வாய்விட்டு அழுதுட்டேன். அழுத உறவை அறுக்கக் கூடாது. வர வெள்ளிக்கிழமை பூ வைக்கிறோம்."

அந்தக் கான்வென்டிலிருந்து மறுவாரம் ஒரு கூட்டம் பெண்கள் தாங்களாகவே வந்து சங்கத்துக்குப் பேர் கொடுத்தார்களாம். ஓஸ்வால்ட் துரை ஆளனுப்பிக் கேட்டார், அந்த அம்மாவை வாரா வாரம் கூட்டிவர முடியுமா என்று. முடியாது என்று நானே சொல்லிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நான் பாதியிலதான் முழிச்சேன் காந்தா. சம்பந்தியம்மா இன்னா சொல்லி அழுதாங்க?"

சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். தனக்கோடி மாதிரியே கையை நீட்டி, ராகம் போட்டேன். முதல் அடி சொன்னேன். இரண்டாவது அடியில், 'மல்லாந்து கிடக்கிறியே' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். காலை மூட்டை, பகலில் கட்டு, இத்தனை வருஷமாக இந்த மனுஷன் ஒருநாள் நிம்மதியாகப் படுத்தாரா? மூன்றாவது அடி வரவே இல்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். ருக்கு ஓடிவந்து பார்த்துவிட்டு அவளும் அழுதாள்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது, தூக்கத்தினாலா என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் இன்னும் சாவல காந்தா. பசிக்குது. சோறு போடு" என்றார்.

போட்டேன்.